அயல் சாவி ஏன் அடம் பிடிக்கிறது?

படிவம் 4, படிவம் 5-இல் கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்களுக்குத் தரவுத்தளம் ஒரு தனி அத்தியாயம். அட்டவணை வரைவது, புலங்களுக்குப் பெயர் வைப்பது, முதன்மைச் சாவியைத் தேர்வது வரை பெரும்பாலோர் சிரமமின்றிச் செய்துவிடுகிறார்கள். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பதிவைச் சேர்க்கப் பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வருகிறது. ஒரு பதிவை நீக்கப் பார்த்தாலும் வருகிறது. சில நேரம் இணைப்பையே உருவாக்க முடிவதில்லை.

அப்போது பலர் செய்வது, அந்த இணைப்பையே அழித்துவிடுவது. பிழைச்செய்தி மறைந்துவிடும், திட்டப்பணியும் ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் தரவு கெடத் தொடங்குவதும் அன்றுதான். இந்த வாரம் அந்தப் பிழைச்செய்தி என்ன சொல்கிறது, காரணத்தை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று பார்ப்போம்.

இரண்டு அட்டவணைகள், ஒரு வாக்குறுதி

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பக்கம் இருப்பது சுல்தான் அப்துல் ஹலிம் முனையம். தீவில் இருப்பது ராஜா துன் உடா முனையம். முன்பு கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய ஃபெர்ரிகளுக்குத் தீவுகளின் பெயர்கள் இருந்தன. புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா ஆகியவை அவற்றில் இரண்டு. அவை இப்போது ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த நான்கு புதிய ஃபெர்ரிகளுக்கு விரிகுடாக்களின் பெயர்கள்: தெலுக் பஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார்.

இவற்றை வைத்து ஒரு சிறு தரவுத்தளம் அமைப்போம். ஃபெர்ரிகளின் பெயர்கள் உண்மையானவை. எண்களும் பயண விவரங்களும் பயிற்சிக்காக நாமே இட்டவை.

ஃபெர்ரிகள் அட்டவணை (ஃபெர்ரி எண் – பெயர்)
1 – புலாவ் ரிமாவ்
2 – புலாவ் அங்சா
11 – தெலுக் பஹாங்
12 – தெலுக் டுயோங்
13 – தெலுக் கம்பி
14 – தெலுக் கும்பார்

பயணங்கள் அட்டவணை (பயண எண் – ஆண்டு – புறப்படும் இடம் – ஃபெர்ரி எண்)
401 – 2015 – பட்டர்வொர்த் – 2
501 – 2024 – பட்டர்வொர்த் – 11
502 – 2024 – ஜார்ஜ்டவுன் – 12

முதல் அட்டவணையில் ஃபெர்ரி எண் முதன்மைச் சாவி. ஒரே எண் இரண்டு ஃபெர்ரிகளுக்கு இருக்க முடியாது. இரண்டாவது அட்டவணையிலும் அதே ஃபெர்ரி எண் வருகிறது, ஆனால் அங்கே அது வேறு அட்டவணையிலிருந்து வந்த விருந்தாளி. அதனால்தான் அதற்கு அயல் சாவி என்று பெயர். ஃபெர்ரிகள் அட்டவணையைத் தாய் என்றும் பயணங்கள் அட்டவணையைச் சேய் என்றும் வைத்துக்கொள்வோம்.

அயல் சாவிக் கட்டுப்பாடு தரும் வாக்குறுதி ஒன்றே ஒன்று. சேய் அட்டவணையில் எந்த எண் எழுதப்பட்டாலும், அந்த எண் தாய் அட்டவணையில் கட்டாயம் இருக்கும். 501-ஆம் பயணத்தில் 11 என்று இருந்தால், 11 எந்த ஃபெர்ரி என்று யார் கேட்டாலும் பதில் உண்டு.

இந்தக் கருத்து புதியதல்ல. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் உறவுநிலைத் தரவுத்தளத்தை முன்மொழிந்த கட்டுரையிலேயே அயல் சாவி இடம்பெற்றுவிட்டது. அந்தப் பங்களிப்புக்காக 1981-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது.

முதலில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

பிழைச்செய்தி வந்தவுடன் கட்டளையை மாற்றி மாற்றி முயலாதீர்கள். தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எது தாய், எது சேய்? நான் இப்போது கைவைத்தது தாயிலா, சேயிலா?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மைஎஸ்கியூஎல் மென்பொருள் இந்தப் பதிலைப் பிழை எண்ணிலேயே தந்துவிடுகிறது. 1452 என்றால் சேயில் சேர்க்கும்போதோ மாற்றும்போதோ தடை. 1451 என்றால் தாயில் நீக்கும்போதோ மாற்றும்போதோ தடை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் எண்ணுக்குப் பதில் வாக்கியமாகச் சொல்லும். தொடர்புடைய பதிவு இன்னோர் அட்டவணையில் தேவை என்றால் அது முதல் வகை. இந்தப் பதிவைச் சார்ந்த பதிவுகள் உள்ளன, நீக்க முடியாது என்றால் இரண்டாம் வகை.

சேயில் தடை: 1452

பயணங்கள் அட்டவணையில் ஃபெர்ரி எண் 15 என்று ஒரு பதிவைச் சேர்க்கிறீர்கள். தாயில் 15 இல்லை. எனவே மறுப்பு வருகிறது. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கக்கூடும்.

ஒன்று, தட்டச்சுப் பிழை. 12-க்குப் பதில் 15 விழுந்திருக்கலாம். இது நடந்திருந்தால் அயல் சாவி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டு, வரிசை மாறியது. புதிய ஃபெர்ரியைத் தாயில் பதியும் முன்பே அதன் பயணத்தைச் சேயில் பதிந்தால் இப்படித்தான் ஆகும். விதி எளிது: உருவாக்கும்போதும் தரவை ஏற்றும்போதும் தாய் முதலில், நீக்கும்போது சேய் முதலில்.

மூன்று, வெற்றிடக் குழப்பம். எந்த ஃபெர்ரி என்று இன்னும் முடிவாகாத பயணத்தை எப்படிப் பதிவது? அந்தப் புலத்தில் 'நல்' என்று விடலாம். 'நல்' என்றால் மதிப்பு இன்னும் இல்லை என்று பொருள். கட்டுப்பாடு அதை ஏற்கும். ஆனால் 0 என்று போட்டால் அது ஒரு மதிப்பு. எழுத்து வகைப் புலத்தில் வெறும் மேற்கோள் குறிகளை இட்டாலும் அது மதிப்புதான். 0 என்ற எண்ணுள்ள ஃபெர்ரி தாயில் இல்லையே! மறுப்பு வரத்தானே செய்யும்?

நான்கு, தவறான அட்டவணைக்குப் போகும் இணைப்பு. பழைய பயிற்சியில் உருவாக்கிய வேறொரு ஃபெர்ரி அட்டவணையை அயல் சாவி இன்னும் காட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் ஓர் அட்டவணையில் எண்ணைப் பார்த்து, இருக்கிறதே என்று வியப்பீர்கள். மென்பொருளோ இன்னோர் அட்டவணையில் தேடிக்கொண்டிருக்கும். பிழைச்செய்தியை முழுவதும் படித்தால் எந்த அட்டவணை, எந்தப் புலம் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

தாயில் தடை: 1451

இப்போது மறுபக்கம். புலாவ் அங்சா ஓய்வு பெற்றுவிட்டது. இனி எதற்கு என்று தாய் அட்டவணையிலிருந்து 2-ஐ நீக்கப் பார்க்கிறீர்கள். 401-ஆம் பயணம் 2-ஐ நம்பி இருப்பதால் மென்பொருள் தடுக்கிறது.

அயல் சாவியை உருவாக்கும்போதே, தாய்ப் பதிவு நீங்கினால் சேய்க்கு என்ன ஆக வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கலாம். மூன்று வழிகள் உண்டு.

'ரெஸ்ட்ரிக்ட்': சேய் இருக்கும் வரை தாயை நீக்கவே விடாது. நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால் மைஎஸ்கியூஎல் இப்படித்தான் நடக்கும்.

'கேஸ்கேட்': தாயை நீக்கினால் அதைச் சார்ந்த சேய்ப் பதிவுகள் அனைத்தும் சேர்ந்தே நீங்கும்.

'செட் நல்': தாய் நீங்கினால் சேயில் உள்ள எண் மட்டும் 'நல்' ஆகும், பதிவு இருக்கும். இதற்கு அந்தப் புலம் 'நல்' மதிப்பை ஏற்பதாக இருக்க வேண்டும். 'நாட் நல்' என்று அறிவித்த புலத்தில் 'செட் நல்' கேட்டால் சாவியையே உருவாக்க முடியாது.

பிழைச்செய்தியிலிருந்து தப்பிக்க 'கேஸ்கேட்' போடுவோர் உண்டு. புலாவ் அங்சா பல ஆண்டுகள் கடலைக் கடந்த ஃபெர்ரி. அதன் ஒரு வரியை நீக்கியதும், அது சென்ற எல்லாப் பயணங்களின் பதிவுகளும் நம்மிடம் கேட்காமலே போய்விடும். 2015-இல் எத்தனை பயணங்கள் நடந்தன என்று அடுத்த வாரம் எண்ணினால் குறைவான விடை வரும். அந்த விடை தவறு என்று எந்தச் செய்தியும் சொல்லாது. 'செட் நல்' போட்டாலும் நட்டம்தான். பயணம் இருக்கும், எந்த ஃபெர்ரி சென்றது என்பது தொலைந்துவிடும்.

ஆகவே இங்கே சரியான தீர்வு நீக்குவதே அல்ல. ஃபெர்ரிகள் அட்டவணையில் 'நிலை' என்று ஒரு புலம் சேர்த்து, புலாவ் அங்சாவுக்கு 'ஓய்வு' என்று எழுதுங்கள். இன்றைய அட்டவணை வேண்டுமென்றால் 'சேவையில்' உள்ளவற்றை மட்டும் கேளுங்கள். வரலாறு அப்படியே இருக்கும். பள்ளியை விட்டுச் சென்ற மாணவர், விற்று முடிந்த பொருள், மூடப்பட்ட கிளை என எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

'கேஸ்கேட்' எப்போதும் கெட்டதும் அல்ல. ஒரு ரசீதும் அதிலுள்ள பொருள் வரிகளும் போல, தாய் இல்லாமல் சேய்க்குத் தனிப் பொருளே இல்லை என்ற இடத்தில் அது மிகப் பொருத்தம்.

சாவியையே உருவாக்க முடியாதபோது

சில நேரம் தரவுக்குப் போகும் முன்பே மறுப்பு வரும். எக்ஸாம்ப் தொகுப்பில் வரும் மரியாடிபி இதைப் பெரும்பாலும் 150 என்ற உள் எண்ணுடன் காட்டும். மைஎஸ்கியூஎல் 8 இன்னும் தெளிவாகப் பிரித்துச் சொல்லும்: 3780 என்றால் இரு புலங்களின் வகை பொருந்தவில்லை, 1822 என்றால் தாயில் அந்தப் புலத்துக்கு முதன்மைச் சாவியோ பொருத்தமான குறியீட்டு வரிசையோ இல்லை, 1824 என்றால் தாய் அட்டவணையே கிடைக்கவில்லை.

வகைப் பொருத்தம்தான் அடிக்கடி தவறுவது. தாயில் 'அன்சைன்ட் இன்ட்', சேயில் வெறும் 'இன்ட்' என்றால் பொருந்தாது. எழுத்து வகைப் புலங்களில் நீளம் வேறுபடலாம். எழுத்துத் தொகுதியும் ஒப்பீட்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆக்சஸில் தாயில் 'ஆட்டோநம்பர்' இருந்தால், சேயில் 'நம்பர்' வகையும் 'லாங் இன்டிஜர்' அளவும் வேண்டும்.

நமக்கு நன்கு தெரிந்த ஓர் எண்ணால் இதை விளக்கலாம். மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு: பினாங்குக்கு 07, கெடாவுக்கு 02, பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை எண், பெண்ணுக்கு இரட்டை எண்.

2009-இல் பிறந்த ஒருவரின் எண் 09 என்று தொடங்கும். அதை எண் வகைப் புலத்தில் சேமித்தால் முன்னால் உள்ள 0 விழுந்துவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். எக்செல் கோப்பிலும் இதே தொல்லை உண்டு. சாதாரண 'இன்ட்' புலத்தின் உச்ச மதிப்பு 2,147,483,647 மட்டுமே என்பதால், இந்த எண் அதற்குள் அடங்கவும் செய்யாது. ஓர் அட்டவணையில் எழுத்தாகவும் இன்னொன்றில் எண்ணாகவும் சேமித்தால் இரண்டும் சேரவே சேரா. இடைக்கோடு இட்டும் இடாமலும் எழுதினாலும் அதே கதை. கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத எண்ணை எழுத்து வகையில் வையுங்கள். அடையாள அட்டை எண், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு எல்லாம் இவ்வகை.

பெயரைச் சாவியாக வைப்பது இதைவிட ஆபத்து. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதைச் சிலர் பெரிய எழுத்திலும் சிலர் சிறிய எழுத்திலும் எழுதுவர், சிலர் விட்டுவிடுவர். அடையாள அட்டை எண்ணும் தனிப்பட்ட தகவல்தான். ஆகவே உங்கள் திட்டப்பணிக்கு நீங்களே உருவாக்கும் சிறிய எண்ணே நல்ல சாவி.

இன்னொரு காரணமும் உண்டு. பல மாதங்கள் சாவி இல்லாமல் ஓடிய அட்டவணையில் புதிதாகச் சாவி சேர்க்கும்போது, உள்ளே ஏற்கெனவே தாயில்லாப் பதிவுகள் இருந்தால் மறுப்பு வரும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். கணினியில் கட்டளைச் சொற்களை ரோமன் எழுத்தில் இடுங்கள்:

செலெக்ட் பயணங்கள்.பயண_எண், பயணங்கள்.ஃபெர்ரி_எண்
ஃப்ரம் பயணங்கள் லெஃப்ட் ஜாயின் ஃபெர்ரிகள்
ஆன் பயணங்கள்.ஃபெர்ரி_எண் = ஃபெர்ரிகள்.ஃபெர்ரி_எண்
வேர் ஃபெர்ரிகள்.ஃபெர்ரி_எண் இஸ் நல்
அண்ட் பயணங்கள்.ஃபெர்ரி_எண் இஸ் நாட் நல்;

'லெஃப்ட் ஜாயின்' எல்லாப் பயணங்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஃபெர்ரியைத் தேடும். கிடைக்காத இடத்தில் 'நல்' நிற்கும். பயணத்தில் எண் இருந்து, ஃபெர்ரிப் பக்கம் 'நல்' என்றால் அதுவே தாயில்லாப் பதிவு. ஒவ்வொன்றையும் திருத்திய பிறகே சாவியைச் சேருங்கள்.

பிழையே வராதது பெரிய பிழை

சாவி அறிவித்திருக்கிறேன், எந்த மறுப்பும் வரவில்லை என்று மகிழ வேண்டாம். காவல் உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎலில் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறை, அயல் சாவிக் கட்டளையை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. கட்டுப்பாடு வேண்டுமானால் அட்டவணை இன்னோடிபி முறையில் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளில் பயன்படும் எஸ்கியூலைட்டில் 2009 முதல் இந்தக் காவல் உண்டு. ஆயினும் அது இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் நாம்தான் இயக்க வேண்டும். ஆக்சஸில் உறவுக் கோடு மட்டும் வரைந்தால் போதாது. தொடர்பு ஒருமைப்பாட்டை வலியுறுத்தும் சிறு பெட்டியில் குறியிட வேண்டும். குறியிட்டால் கோட்டின் இரு முனைகளிலும் 1, முடிவிலிக் குறி ஆகியவை தெரியும்.

சோதிக்க எளிய வழி உண்டு. தாயில் இல்லாத 999 என்ற எண்ணை வேண்டுமென்றே சேயில் சேர்த்துப் பாருங்கள். மறுத்தால் காவல் விழித்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் அந்தப் பதிவை நீக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

சோதனையை நிறுத்தி வைக்கலாமா?

மைஎஸ்கியூஎலில் அயல் சாவிச் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தும் கட்டளை உண்டு. பிஎச்பிமைஅட்மினிலும் அதற்கொரு பெட்டி உண்டு. முழு நகலிலிருந்து தரவுத்தளத்தை மீட்கும்போது அது நியாயமான வசதி. அங்கே அட்டவணைகள் தாய், சேய் என்ற வரிசையில் வருவதில்லை; தரவோ ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது.

ஆனால் பிழையை மறைக்க அதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? சோதனையை நிறுத்திய நேரத்தில் நுழைந்த தவறான பதிவுகள் உள்ளேயே தங்கும். சோதனையை மீண்டும் இயக்கினாலும் மைஎஸ்கியூஎல் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்க்காது. இனி வருபவற்றை மட்டுமே சோதிக்கும். ஃபெர்ரிப் பயணத்தில் இது சிறு குழப்பம்தான். மருத்துவமனை ஒன்றில் ஒவ்வாமைப் பதிவு எந்த நோயாளிக்கு உரியது என்று தெரியாமல் போனால்? தேர்வு மதிப்பெண் எந்த மாணவருடையது என்று தெரியாமல் போனால்? அந்தப் பதிவுக்கு உரிய மனிதர் ஒருவர் வெளியே காத்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

நினைவில் வைக்க

1. பிழைச்செய்தியை முழுவதும் படிக்கவும். அட்டவணை, புலம் பெயர்களைக் குறிக்கவும்.
2. தாய் எது, சேய் எது, கைவைத்தது எதில் என்று எழுதவும்.
3. சேயில் தடை என்றால், அந்த எண் தாயில் உள்ளதா என்று தேடவும்.
4. தாயில் தடை என்றால், நீக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்கவும்.
5. சாவி உருவாகவில்லை என்றால், வகை, குறியீட்டு வரிசை, பழைய தாயில்லாப் பதிவுகள் என்ற வரிசையில் பார்க்கவும்.
6. தடையே வராவிட்டால், 999 சோதனை செய்யவும்.

முயன்று பாருங்கள்

அ. மாணவர்கள், மதிப்பெண்கள் என்று இரண்டு அட்டவணைகள். இரண்டையும் முழுவதுமாகக் காலி செய்ய வேண்டும். எதை முதலில் காலி செய்வீர்கள்?
ஆ. நூலகத் தரவுத்தளத்தில், இரவல் அட்டவணையின் நூல் எண் புலத்தில் 0 இட்டபோது 1452 வந்தது. 'நல்' இட்டபோது வரவில்லை. ஏன்?
இ. தெலுக் கம்பியின் எண்ணை 13-லிருந்து 23-ஆக மாற்ற வேண்டும். அதன் பயணங்கள் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. பயணங்களும் தானே மாற வேண்டுமானால் சாவியை எப்படி அமைத்திருக்க வேண்டும்?

விடைகள்: அ. சேயாகிய மதிப்பெண்கள் முதலில். ஆ. 0 ஒரு மதிப்பு, அது தாயில் தேடப்படும். 'நல்' என்றால் மதிப்பே இல்லை, அதனால் தேடப்படாது. இ. 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' என்று அமைத்திருக்க வேண்டும். ஆக்சஸில் என்றால் மாற்றத்தைத் தொடர்புடைய புலங்களுக்கும் கடத்தும் பெட்டியில் குறியிட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைக் கணினியில் செய்து பார்த்துவிட்டு, அதே மாற்றத்தை 'ரெஸ்ட்ரிக்ட்' உள்ள சாவியிலும் செய்து பாருங்கள். எந்தப் பிழை எண் வரும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்து, திரையில் வருவதோடு ஒப்பிடுங்கள்.